அக்கரைச் சாலையில் நால்வர்

படிக்கட்டில் இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள்வது நல்ல பழக்கம். நேற்று விசாரணைக்கு வந்த நீங்கள் மூவரும் கைப்பிடியைத் தொடாமலே இறங்கிப் போனீர்கள். ஒருவர் கைப்பேசியைப் பார்த்தபடி இறங்கினார். யாரென்று சொல்லி அவரைச் சங்கடப்படுத்த விரும்பவில்லை.

நடந்ததை என் கையால் எழுதித் தரச் சொன்னீர்கள். தருகிறேன். இதில் மறைக்க ஒன்றுமில்லை. எல்லாம் தேதிவாரியாகக் கோப்பில் இருக்கிறது; கோப்பை அடுக்கியவனும் நான்தான்.

நான் இந்த நிவாரண அமைப்பின் பாதுகாப்பு அலுவலர். நம் ஊரிலிருந்து கடல் கடந்து உதவி செய்ய வருகிற தன்னார்வலர்களை முழுசாகத் திருப்பி அனுப்புவது என் வேலை. இங்கே இருபத்திரண்டு பேர். ஒரு டாக்டர், ஒரு பல் டாக்டர், ஒரு தண்ணீர் இன்ஜினியர், மற்றபடி நர்சுகளும் டிரைவரும் கிடங்கு ஆட்களும். நாங்கள் தங்கியிருப்பது சண்டைக்கு முன்பு மரச்சாமான் கடையாக இருந்த இடம். என் கட்டிலில் ‘காட்சிக்கு மட்டும்’ என்கிற அட்டை இன்னும் தொங்குகிறது.

இரண்டு வருடங்களுக்கு முன் என் மனைவி இதே அமைப்பின் நர்சாக வேறொரு நாட்டுக்குப் போயிருந்தாள். ஒருநாள் காலையில் தொலைபேசியில் கூப்பிட்டு, “இன்னைக்குப் பச்சைதாங்க. கவலைப்படாம சாப்பிடுங்க” என்றாள். சாப்பிட்டேன். கை கழுவிக்கொண்டிருந்தபோது அமைப்பிலிருந்து அழைப்பு வந்தது. ஜீப் ஒரு வளைவில் உருண்டுவிட்டது. குண்டு இல்லை, துப்பாக்கி இல்லை, வெறும் வளைவு.

பச்சை என்று அவள் சொன்னது வாசலில் மாட்டியிருக்கும் பலகையை. பச்சை என்றால் வண்டி போகலாம். மஞ்சள் என்றால் இரண்டு வண்டி சேர்ந்து போகலாம். சிவப்பு என்றால் யாரும் கேட்டைத் தாண்டக்கூடாது. தினமும் காலை ஆறு மணிக்குப் பாதுகாப்பு அலுவலர் நிறத்தை மாற்றுவார். அவர் வைத்த நிறத்தைத் தலைமை அலுவலகம்கூட எதிர்த்துப் பேச முடியாது. என் மனைவியின் இறப்புக்குப் பிறகு வந்த விதி அது. வரைவை எழுதிக் கொடுத்தவன் நான். அதைப் படித்துவிட்டுத்தான் எனக்கு இந்த வேலையையே கொடுத்தார்கள்.

முதல் நான்கு மாதங்கள் நன்றாகவே போயின. செருப்பு போட்டு மாடி ஏறக்கூடாது என்றேன். முற்றத்து மரத்தின் கீழே நிற்பவர் தலைக்கவசம் அணிய வேண்டும் என்றேன். பல் டாக்டருக்கும் தண்ணீர் இன்ஜினியருக்கும் சதுரங்கத்தில் தகராறு வந்து, இன்ஜினியர் எறிந்த குதிரை பல் டாக்டரின் புருவத்தில் பட்டது. சதுரங்கத்தைத் தடை செய்தேன். எங்கள் பதிவேட்டில் உள்ள ஒரே காயம் அதுதான்.

மஞ்சளும் சிவப்புமாக நாட்கள் போனதில் டிரைவருக்குத்தான் என்மேல் வருத்தம்.

“சார், வண்டியை எடுக்கலைன்னா பேட்டரி செத்துரும்.”

“பேட்டரிதானே சாகுது.”

“நான் டிரைவரா வந்தேனா, வண்டிக்குக் காவல் காக்க வந்தேனா?”

நியாயமான கேள்வி. வளாகத்துக்குள்ளேயே தினமும் பத்துச் சுற்று ஓட்ட அனுமதி கொடுத்தேன், பெல்ட் போட்டுக்கொண்டு. அவர் ஒவ்வொரு சுற்றிலும் என் ஜன்னலுக்கு நேரே வந்ததும் ஹாரன் அடித்தார். அதை நான் மரியாதையாகவே எடுத்துக்கொண்டேன்.

ஐந்தாம் மாதம் என் மனைவியின் தங்கை வந்து இறங்கினாள். அவளும் நர்ஸ். பெட்டியைக் கீழே வைப்பதற்கு முன்பே, “என்ன மாமா, மணல் மூட்டையெல்லாம் அடுக்கி வெச்சிருக்கீங்க. சண்டை முடிஞ்சு எட்டு மாசம் ஆச்சாமே” என்றாள். அக்காளின் குரல்; அக்காளைவிடக் கொஞ்சம் வாய் அதிகம். அன்று மாலையே என் மாமியார் தொலைபேசியில் வந்தார்.

“ஒண்ணைப் பறிகொடுத்துட்டேன் மாப்பிள்ளை. சொன்னா கேக்காம இவளும் கிளம்பி வந்துட்டா. முழுசா திரும்பி வரணும். அவ்வளவுதான் நான் கேக்கறது.”

நான் வாக்குக் கொடுத்தேன். மற்ற எல்லாமும் அந்த வாக்கிலிருந்து வந்ததுதான்.

ஆற்றுக்கு அக்கரையில் ஒரு சிறிய சுகாதார நிலையம் உண்டு. பாலத்தைத் தாண்டி ஒன்றரை மணி நேரப் பயணம். வாரம் இரண்டு முறை எங்கள் ஆட்கள் மருந்தோடு அங்கே போக வேண்டும். செவ்வாய்க்கிழமைப் பட்டியலில் அவள் பெயர் இருந்தது. திங்களன்று நானே அந்தச் சாலையைப் பார்த்துவரப் போனேன். வெயில், வயல், சைக்கிளில் போகிற பெண்கள். பதினாறாவது கிலோமீட்டரில் ஒரு வளைவு. தடுப்புச் சுவர் கிடையாது. வண்டியை நிறுத்தி இறங்கி, கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு திரும்பி வந்துவிட்டேன்.

வளைவு இருக்கிறது என்பதற்காகச் சிவப்பு வைக்க முடியாது. சிவப்புக்கு ஒரு சம்பவ அறிக்கை வேண்டும். எனவே எழுதினேன்: ‘அக்கரைச் சாலையில் ஆயுதம் ஏந்திய நால்வர் நடமாட்டம். தகவல் தந்தவர்: நம்பகமான உள்ளூர்வாசி.’ நான் அந்த ஊரில் ஐந்து மாதமாகக் குடியிருந்தேன். என்னை நம்பாதவர் எங்கள் அமைப்பில் அன்றைக்கு ஒருவரும் இல்லை. ஆகவே அந்த வரியில் பாதி உண்மைதான்.

படிவத்தில் ‘அடையாளங்கள்’ என்று ஒரு கட்டம் உண்டு. அதை நிரப்பாமல் அறிக்கையை அனுப்ப முடியாது. எனக்குக் கற்பனை வராது. மனதில் முதலில் தோன்றிய ஆளை எழுதினேன்: ‘தலைவன் போல் தெரிபவருக்கு அறுபது வயது இருக்கலாம். நீலக் கட்டம் போட்ட சட்டை, கழுத்துப் பட்டன் வரை போட்டிருப்பார். காதுக்குப் பின்னால் மரு. வெயிலோ மழையோ கையில் மடக்கிய குடை. பேசுமுன் இருமுறை தொண்டையைச் செருமுவார்.’

எங்கள் அறிக்கைகள் இந்தப் பகுதியில் உள்ள மற்ற ஐந்து அமைப்புகளுக்கும் போகும். எல்லாரும் தருவதைச் சேர்த்துக் கூட்டு அலுவலகம் வாரமொருமுறை ஒரு செய்தித்தாள் வெளியிடும். அந்த வாரச் செய்தித்தாளில், ‘ஆறு பேர், இரண்டு அமைப்புகள் உறுதி செய்துள்ளன’ என்று வந்தது. அடுத்த வாரம் அவர்களிடம் மோட்டார் சைக்கிள் இருந்தது. அதற்கு அடுத்த வாரம் ‘கட்டச் சட்டைக் குழு’ என்று பெயரே வைத்துவிட்டார்கள். நான் நாலு பேரைத்தான் அனுப்பினேன். அவர்கள் பன்னிரண்டு பேராகத் திரும்பி வந்தார்கள். சொன்னால் நம்பமாட்டீர்கள், அதைப் படித்த அன்று என் அறைக் கதவுக்கு இரண்டாவது தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். நான் சொன்னது பொய்யாக இருக்கலாம். மற்ற ஐந்து அமைப்புகளும் பொய் சொல்லுமா?

ராணுவம் பாலத்தை மூடியது. ஆறு அமைப்புகளும் வண்டியை நிறுத்தின. பலகையில் சிவப்பு நிலைத்துவிட்டது. எங்கள் ஆட்கள் ஒருவர்கூட அந்த வளைவைத் தாண்டவில்லை. கிடங்கில் சலைன் பெட்டிகள் நானூறு இருந்தன. சும்மாக் கிடப்பானேன் என்று அவற்றை முன் ஜன்னல்களுக்குத் தடுப்பாக அடுக்கினேன். மணல் மூட்டையைவிடச் சீராக நின்றன.

பாலம் மூடிய ஒன்பதாம் நாள் அக்கரையிலிருந்து ஒரு பள்ளி ஆசிரியர் படகில் வந்தார். கையில் ஒரு நோட்டுப் புத்தகம். அங்கே வாந்திபேதி பரவியிருக்கிறது, மூன்று பேர் இறந்துவிட்டார்கள் என்றார். விதிப்படி வெளியாரை உள்ளே விடக்கூடாது. கேட்டுக் கம்பிக்கு இரண்டு பக்கமும் நின்று பேசினோம். எங்கள் மொழிபெயர்ப்பாளர் நடுவில்.

“அந்த ஆளுங்களை யார் பார்த்ததுன்னு கேக்கறார் சார்.”

“நம்பகமான ஆள்னு சொல்லுங்க.”

“நாங்க அங்கேயேதான் இருக்கோம், எங்க கண்ணுல ஒருத்தனும் படலையேங்கறார்.”

“அங்கேயே இருக்கிறவங்க கண்ணுலகூடப் படாம நடமாடுறாங்கன்னா எவ்வளவு ஆபத்தானவங்கன்னு அவரையே யோசிச்சுப் பார்க்கச் சொல்லுங்க.”

மொழிபெயர்ப்பாளர் என்னை ஒரு நிமிடம் பார்த்துவிட்டுத்தான் அதைச் சொன்னார். ஆசிரியர் சலைனாவது கொடுங்கள், படகில் ஏற்றிக்கொள்கிறேன் என்றார். அந்தப் படகை எட்டிப் பார்த்தேன். மிதவை வளையம் ஒன்றுகூட இல்லை. பொறுப்புள்ள எவனும் அதில் சாமான் ஏற்றமாட்டான். தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொல்லி அனுப்பினேன். பதினான்காம் நாள் மறுபடி வந்தார். நோட்டில் பதினொரு பெயர்கள். அவர் வந்துபோனதை நான் யாரிடமும் சொல்லவில்லை. மொழிபெயர்ப்பாளரையும் சொல்லவேண்டாம் என்றேன். தெரிந்தால் என் ஆட்கள் போவோம் என்பார்கள். அவர்கள் அப்படிப்பட்டவர்கள். அதனால்தான் அவர்களுக்கு என்னைப் போல ஒருவன் தேவைப்படுகிறான்.

இருபதாம் நாள் காலையில் ராணுவம் எங்கள் கேட்டில் ஒரு சுவரொட்டியை ஒட்டிவிட்டுப் போனது. கட்டச் சட்டைக் குழுவின் தலைவன், படமாக வரையப்பட்டு. நான் மாடியில் இருந்தேன். கீழே என் மைத்துனி வாய்விட்டுச் சிரிக்கும் சத்தம் கேட்டது.

“பல் டாக்டரே, இங்க ஓடி வாங்க. எங்க அப்பாவை உரிச்சு வெச்ச மாதிரி இருக்கு. வீட்டுக்குப் படம் எடுத்து அனுப்பணும். பாருங்க, குடையைக்கூட விடலை.”

இரண்டு மூன்று படம் எடுத்திருப்பாள். பிறகு சத்தம் நின்றுவிட்டது. சுவரொட்டியின் கீழே அடையாளங்களை அச்சிட்டிருந்தார்கள். அவள் மாடி ஏறி வந்தாள். கைப்பிடியைப் பிடிக்கவில்லை.

“காதுக்குப் பின்னாடி இருக்கற மரு எங்க வீட்டு ஆளுங்களைத் தவிர யாருக்கும் தெரியாது மாமா. யாரு அந்த நம்பகமான உள்ளூர்வாசி?”

“நான் இங்க இத்தனை மாசமா இருக்கேன்மா.”

“எங்க அப்பாவுக்குத் தெருநாயை விரட்டவே பயம். அவர் பன்னிரண்டு பேரைச் சேர்த்துக்கிட்டு மோட்டார் சைக்கிள்ல சுத்துறாரா?”

“மோட்டார் சைக்கிள் நான் எழுதலை.”

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் எல்லாவற்றையும் பொறுமையாக விளக்கினேன். வளைவைப் பற்றிச் சொன்னேன். அவள் அம்மாவுக்குக் கொடுத்த வாக்கைச் சொன்னேன். உண்மை பேசுகிற மனநிலையில் இருந்ததால் ஆசிரியரைப் பற்றியும் நோட்டைப் பற்றியும் சொன்னேன். அவளுக்கு அதுவரை தெரியாது. ஜன்னலில் அடுக்கியிருந்த பெட்டிகளை ஒரு முறை திரும்பிப் பார்த்தாள்.

“உனக்காகத்தான்மா” என்றேன். “உங்க அக்கா...”

“அக்கா பேரை எடுக்காதீங்க. அவ இருந்திருந்தா உங்களை இந்தப் படிக்கட்டுக் கம்பியோட சேர்த்துக் கட்டிப் போட்டிருப்பா.”

இது துக்கத்தில் சொன்ன வார்த்தை. நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

அடுத்த அரை மணி நேரத்தில் அவளும் டிரைவரும் பல் டாக்டரும் சேர்ந்து பெட்டிகளை இறக்கினார்கள். சதுரங்கத்துக்குப் பிறகு முதல்முறையாக இன்ஜினியர் பல் டாக்டரோடு பேசினார். “அந்தப் பக்கம் பிடிய்யா” என்றார். நான் பலகையைச் சுட்டிக் காட்டினேன். டிரைவர் அதைக் கழற்றி வண்டியில் பெட்டிகளுக்கு அடியில் போட்டார். பாலம் மூடியிருந்ததால் ஆற்றங்கரை வரை வண்டி, அங்கிருந்து மீனவர்களின் படகு. நான் பின்னாலேயே ஓடி ஒரு மிதவைச் சட்டையைக் கொடுத்தேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல் வாங்கிப் போட்டுக்கொண்டாள். போட்டுக்கொண்டாள் என்பதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன்.

நீங்கள் நேற்றுக் கேட்ட கேள்விக்கு நேரான பதில் தருகிறேன். ஆம். நால்வரும் இல்லை, பன்னிரண்டு பேரும் இல்லை, ஒருவரும் இல்லை. மூன்று பேர் இறந்தது தெரிந்தபின்னும் பதினொரு நாட்கள், பதினொரு காலைகள், யோசித்து என் கையாலேயே சிவப்பை வைத்தேன். ஒவ்வொரு நாளும் ஒரு தட்டில் அந்த நோட்டுப் புத்தகத்தையும் இன்னொரு தட்டில் அவளையும் வைத்துப் பார்த்தேன். ஒருநாள்கூடத் தராசு ஆடவில்லை. மொத்தம் முப்பத்தொரு பேர் என்று உங்கள் தாளில் இருக்கிறது. நானும் எண்ணிப் பார்த்தேன், சரிதான்.

அவள் ஆறு நாள் அக்கரையில் இருந்துவிட்டு வந்தாள். காய்ச்சல்கூட இல்லை. மாமியாருக்கு உடனே தொலைபேசி செய்து சொல்லிவிட்டேன். என்னோடு அவள் இதுவரை பேசவில்லை. களைப்பாக இருக்கும். அவளுக்கு இரண்டு வார ஓய்வு பரிந்துரைத்திருக்கிறேன்.

வந்த அன்று ஆசிரியரின் நோட்டை மட்டும் என் மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். இருபத்தெட்டாவது பெயரின் கீழே கோடு போட்டிருந்தாள். மொழிபெயர்ப்பாளரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். இருபத்தாறு வயதுப் பெண். அந்தச் சுகாதார நிலையத்தில் கடைசிவரை இருந்தவள் அவள் ஒருத்திதான். அந்த ஊர்க்காரியும் இல்லை. யாரும் அனுப்பாமல், தானாக, இரண்டு நாள் பஸ்ஸில் வந்து சேர்ந்த நர்ஸாம். நோயாளிகளைப் பார்த்துப் பார்த்தே அவளுக்கும் தொற்றிக்கொண்டது. படுத்த பிறகும் படுக்கையிலிருந்தே மற்றவர்களுக்கு என்ன செய்வது என்று சொல்லிக்கொண்டிருந்தாளாம்.

அதைக் கேட்டபோது எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. இப்படிப்பட்டவர்கள் அபூர்வம். முறையாக ஒரு விண்ணப்பம் போட்டு எங்கள் அமைப்பில் பதிவு செய்துகொண்டிருந்தால், அந்தப் பெண்ணையும் நான் பத்திரமாகப் பார்த்துக்கொண்டிருப்பேன்.