ஆரஞ்சுப் பக்கம்

சாஃப்ட்பால் என்றால் பந்து பஞ்சு மாதிரி இருக்கும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நீங்களும் அப்படி நினைத்திருந்தால் தவறில்லை மேடம். கையில் வாங்கிப் பார்த்தால்தான் அது கொட்டாங்கச்சி மாதிரி இருப்பது தெரியும். பேர் வைத்தவன் ஆடிப் பார்த்திருக்கமாட்டான். இந்த ஆட்டத்துக்கு இப்போது விதி எழுதுகிறவர்களும் அந்த ஜாதிதான்.

திண்டிவனத்தில் பெண்கள் பள்ளியொன்றில் நான் உடற்கல்வி ஆசிரியர். எங்கள் பிள்ளைகள் ஆடாதபோது மற்ற பள்ளிகளின் ஆட்டங்களுக்கு நடுவராகவும் நிற்பேன். பந்து வீசுகிறவளின் பின்கால் மண்ணை உரசிக்கொண்டே வரவேண்டும், இரண்டு காலும் சேர்ந்து தரையை விட்டுக் கிளம்பினால் பிழை என்பது பழைய விதி. கோட்டக்குப்பத்திலிருந்து வரும் பெனாசிர் என்ற பெண் ஆட்டுக்குட்டி மாதிரி துள்ளித் துள்ளி வீசுவாள். துள்ளும்போதெல்லாம் பிழை கொடுத்தேன். ஒருமுறை மைதானத்திலேயே உட்கார்ந்து அழுதாள். அழுதால் விதி மாறாது என்று பொறுமையாகத்தான் எடுத்துச் சொன்னேன்.

விதி மாறிவிட்டது.

விழுப்புரத்தில் எங்களையெல்லாம் கூப்பிட்டு உட்காரவைத்துப் புது விதிகளைச் சொன்னார்கள். சொன்னது பிரபாவதி என்கிற ஒருங்கிணைப்பாளர். என்னிடம் படித்த பிள்ளைகளின் வயதுதான் இருக்கும். கைப்பேசியில் வெளிநாட்டு வீடியோக்களைப் போட்டுக் காட்டினார். இனிமேல் பந்து வீசுகிறவள் துள்ளலாமாம். அடுத்தது முதல் தளம், அதாவது பந்தை அடித்தவள் ஓடிவந்து மிதிக்க வேண்டிய முதல் மெத்தை. அது இனி இரண்டாக இருக்குமாம். உள்பக்கம் வெள்ளை, அது பந்து பிடிக்கிறவளுக்கு. வெளிப்பக்கம் ஆரஞ்சு, அது ஓடி வருகிறவளுக்கு. ஒருத்திமேல் ஒருத்தி மோதிக்கொள்ளக் கூடாதென்று இந்த ஏற்பாடு. மோதக்கூடாது என்றால் கோலப்போட்டி நடத்திவிட்டுப் போகலாமே என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

"சார், கலைப்பிரியாவுக்குத் தோள்பட்டை எலும்பு ஒடைஞ்சது உங்க பசங்க பிராக்டிஸ்லதானே?" என்று பிரபாவதி கேட்டார்.

"விளையாட்டுன்னா அடி படத்தாம்மா செய்யும்."

"அந்தப் பொண்ணு இன்னிக்கும் ஒரு குடத்தைத் தூக்க முடியாம இருக்குது சார்."

கலைப்பிரியா அப்போது இருந்த ஒரே தளத்தை நோக்கி நேராக ஓடினாள், நான் சொல்லிக்கொடுத்தபடி. எதிரில் நின்றவள் விலகவில்லை. அதற்கு விதி என்ன செய்யும்? ஆனால் கூட்டத்தில் இருந்தவர்கள் என்னைப் பார்த்த பார்வையை நான் கவனித்துக்கொண்டேன். மைதானத்தில் கால் வைத்தே பல வருஷம் ஆனவர்கள், தொப்பை வைத்தவர்கள், சாப்பாட்டுப் பொட்டலத்துக்காக வந்தவர்கள். அவர்கள் என்மேல் பரிதாபப்பட்டார்கள்.

வெளியே வந்தால் வாசலில் பெனாசிர் தன் அணியோடு நின்றுகொண்டிருந்தாள். மாநில அணித் தேர்வுக்குப் பெயர் போயிருப்பதாகச் சொன்னாள். "சார், இப்ப ரூல்லயே இருக்குது சார், குதிச்சிக்கினே போடலாமாம்," என்றாள். குத்திக்காட்டவில்லை. எனக்கும் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்துச் சொன்னாள். அதைத்தான் என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. தப்பு செய்துகொண்டே இருந்தவள் தப்பைத் திருத்திக்கொள்ளவே இல்லை. எங்கேயோ நாலு பேர் உட்கார்ந்து அவள் தப்பைச் சரியென்று எழுதிவிட்டார்கள்.

எங்கள் பிள்ளைகளுக்கு நான் ஆரஞ்சைச் சொல்லிக்கொடுக்கவில்லை. வெள்ளையைத்தான் மிதிக்க வேண்டும் என்றேன். அணித்தலைவி அஸ்வினி எழுந்து, "அவுட் குடுத்துடுவாங்களே சார்," என்றாள். குடுக்கட்டும் என்றேன். சரிங்க சார் என்று உட்கார்ந்துவிட்டாள். அவள் அப்பா தேவசகாயம் மார்க்கெட் கமிட்டியில் மல்லாட்டை மூட்டை தூக்குகிறவர். கைகட்டி நிற்கத் தெரிந்த குடும்பம் என்று நினைத்திருந்தேன்.

இரட்டைத் தளத்தை அந்தந்தப் பள்ளியே தைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். தார்ப்பாய் தைக்கும் கடையில் இரண்டு ரெக்சின் பைகள் தைத்து வாங்கினேன். வெள்ளைப் பைக்குள் தேங்காய் நாரை இறுக்கி அடைத்தேன். ஆரஞ்சுக்கும் அப்படித்தான் அடைத்தேன், முதலில்.

வட்டார இறுதி ஆட்டம் எங்கள் மைதானத்தில், பெனாசிரின் அணியோடு. விடிந்ததும் நானே போய்த் தண்ணீர் தெளித்து, சுண்ணாம்புக் கோடு போட்டு, தளங்களை வைத்தேன். நடுவர் சுப்பராயலு நின்ற இடத்திலிருந்தே ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "கிரவுண்டு சூப்பரா கீது சார்," என்றார். குனிந்து ஒரு பையைத் தொட்டுப் பார்க்கவில்லை. இவர்களை நம்பித்தான் விதி மாற்றுகிறார்கள்.

டாஸ் ஜெயித்தால் ஃபீல்டிங் எடு என்று அஸ்வினியிடம் சொல்லியிருந்தேன். அவர்கள் முதலில் அடிக்க வேண்டும், அவர்களில் முதலில் மட்டை பிடிக்கிறவள் பெனாசிர்தான். அஸ்வினி ஜெயித்து, பேட்டிங் எடுத்துக்கொண்டு வந்தாள்.

"பெனாசிருக்குக் கை சூடேறுறதுக்குள்ள ஜல்தியா நாலு ரன்னு எடுத்துரலாம் சார்."

நல்ல யோசனைதான். யோசிக்கச் சொன்னது யார்?

நான் முதல் தளத்துக்குப் பக்கத்தில், பயிற்சியாளர் நிற்கும் கட்டத்தில் போய் நின்றேன். பெனாசிர் துள்ளி வீசினாள். அஸ்வினி தட்டிவிட்ட பந்து தரையோடு உருண்டது. ஓடினாள். நன்றாக ஓடுவாள், நான் பழக்கிய கால். என் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் வந்தாள். பாதி தூரத்தில் அவள் ஓட்டம் கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்தது. எனக்குத் தெரியாமல் வேறு எங்கோ பார்த்துப் பழகியிருக்கிறாள். அந்தச் சாய்வு ஒரு நாளில் வருவதில்லை.

அவள் ஆரஞ்சை மிதித்தாள்.

சத்தத்தைப் பற்றிக் கேட்காதீர்கள். நான்தான் அவளைத் தூக்கிக்கொண்டு ஆம்புலன்ஸ் வரை போனேன். பாதத்தின் முன்பாதியை எடுத்துவிட்டதாகப் புதுச்சேரி ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். தேவசகாயம் என் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "நீங்க இல்லாங்காட்டி எம் பொண்ணு என்னா ஆயிருக்குமோ சார்," என்றார். அப்படிப்பட்ட மனிதரிடம் எதை விளக்குவது?

மைதானத்தில் முதலில் ஓடிவந்து குனிந்தவள் பெனாசிர். அஸ்வினியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, கிழிந்த ஆரஞ்சுப் பையைத் தூக்கிப் பார்த்தாள். "இதுல நாரே இல்லியே சார்," என்றாள். அவள் உங்களிடம் சொன்னதும் அதுதானே. உண்மைதான். அன்று காலையில் நாரை எடுத்துவிட்டு, பை உப்பலாகத் தெரியக் கொஞ்சம் வைக்கோல் மட்டும் வைத்தேன். பையைத் தரையோடு பிடித்து நிறுத்த இரும்பு முளை அடிப்போம். அதன் கூர்முனை மண்ணுக்குள் போகும். ஆரஞ்சுக்கு அடியில் மட்டும் கூர்முனை மேலே பார்க்கும்படி நட்டேன். வேறு யாருக்கும் இதில் பங்கில்லை.

பெனாசிரின் காலுக்குத்தான் வைத்தேனா என்று கேட்டீர்கள். ஆமாம். அஸ்வினி சாய்ந்து ஓடிவந்தது தெரிந்தும் ஏன் குரல் கொடுக்கவில்லை என்று கேட்டீர்கள். கையை நீட்டினாலே போதும், நின்றிருப்பாள். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். இவளுமா என்றுதான் அப்போது தோன்றியது.

கோபத்தில் செய்ததாக வாக்குமூலத்தில் எழுதாதீர்கள். எனக்குப் பிள்ளைகள்மேல் கோபமே வராது. ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த மைதானத்தில் என் பேச்சைக் கேட்ட ஒரு பிள்ளைக்கும் இதுவரை எந்தக் குறையும் வந்ததில்லை.