சங்கரி அப்பா போட்டோ

வேலைய பாத்துக்கினே ஒரு விடுகதைக்கு பதில் சொல்லு அண்ணாத்த. ஒருத்தன் பதினேழு கல்யாணப் போட்டோவுல கீறான், ஒண்ணுத்துலயும் அவன் மாப்ள இல்ல. யாரு? போட்டோகிராபரா? அட, அவன் எப்டி போட்டோவுல வருவான்! எங்கூட்டுக்காரருதான். அடுத்தவங்க கல்யாணப் பந்தியில குந்திக்கினு கீறாரு.

எங்க ஆல்பமா? அது இருந்தா உன் பிரேம் கடைக்கு எதுக்கு வரேன். வூட்டோட சுனாமி இஸ்துக்கினு பூட்ச்சு, அவரையும்தான். இந்த டிசம்பர் வந்தா மூணு வருசம். மாலை போட ஒரு மூஞ்சி வாணாமா? சங்கரிக்கு அப்போ அஞ்சு வயசு. அப்பா மூஞ்சி மறந்துபோச்சும்மான்னா.

அணுபுரத்துல பாலா சார்னு ஒருத்தரு, கம்ப்யூட்டர் வேல. வெளியூர் சொந்தக்காரங்ககிட்ட உங்க ஊரு போட்டோ எது இருந்தாலும் வாங்கியாங்கன்னாரு. புதுப்பட்டினம் பிரவுசிங் சென்டர்ல குந்தி நெட்டுல ஏத்துனாரு. ஏத்துனா மட்டும் பத்தாதாம், ஒவ்வொரு மூஞ்சிக்கும் பேரு போடணுமாம். அப்பால பேர தட்டுனா போதும், அந்தாளு எங்கெங்க கீறாரோ அத்தினியும் வந்து நிக்கும். ஆயிரத்து எட்நூறு போட்டோ சேந்துச்சு. எங்க தெரு எல்லம்மாள், செத்துப்போன அவ மவன எவன் வூட்டு காதுகுத்துலயோ கண்டுபுடிச்சா. டிவி மாரி கீற அந்த மானிட்டர கட்டிக்கினு அழுதா. ஒயரு புடுங்கிக்குமோன்னு சென்டர்காரரு பின்னாலயே நின்னாரு பாவம்.

நானா? புருசன் பேர வாயால சொல்லுவனா? எங்க பக்கம் எவளும் சொல்ல மாட்டா. சங்கரி அப்பான்னு போட சொன்னேன். ஆம்பளைங்க அவரு பேரயே போட்டுட்டாங்க. சார் ரெண்டையும் ஒண்ணா சேத்தாரு, பதினேழு வந்துச்சு. ஒண்ணாவது உருப்படியா? இலையில குனிஞ்ச தல, இல்லாட்டி பாதிக் காது.

போன வாரம் சார் கூப்ட்டு, இன்னும் மூணு கீதும்மா, அதே ஆளு மாரி தெரியுது, பாருன்னாரு. வேடந்தாங்கல் பக்கத்துலேந்து வசந்தான்னு ஒருத்தி கேள்விப்பட்டு குடுத்தாளாம். அவரேதான். ஏரிக்கரையில நேரா பாத்து சிரிக்கிறாரு. அப்பல்லாம் மீன் வண்டியில போறேன், வர ரெண்டு நாளாவும்பாரு. நானும் சோறு கட்டிக் குடுத்து அனுப்புவேன். எங்கிட்ட அந்தச் சிரிப்பு சிரிச்சதே இல்ல அண்ணாத்த.

அவளும் பேரு சொல்லல. ஹேமந்த் அப்பான்னு போட்டுகீறா.

ஊரே சேந்து பேரு போட்டு தேடிக் குடுத்துச்சு. யாரும் சேக்காம இருந்தா நல்ல மனுசனாவே பூட்டிருப்பாரு.

ஆமா, உங்கையில கீதே, அதான் அது. தோள்ல குந்திக்கினு கீற புள்ளயா? அதான் ஹேமந்த். அவர மட்டும் தனியா கட் பண்ணி எடுத்துடலாம்ன்றியா? நானும் அதத்தான் சொன்னேன். வாணாம், அந்தப் புள்ளயும் இருக்கட்டும்னுட்டா சங்கரி.