மூன்றாம் தியேட்டரின் சுவர்

எனக்கு அழுக்கு என்றால் ஆகவே ஆகாது. வெளியே சாப்பிடப் போனால் டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த பிறகுதான் தண்ணீர் குடிப்பேன். பேருந்தில் கம்பியைப் பிடிக்க நேர்ந்தால், வீடு வந்து சேரும்வரை அந்தக் கையை உடம்பில் படாமல் தள்ளியே வைத்திருப்பேன். “பேசாம கைய வீட்டுலயே கழட்டி வச்சிட்டுப் போங்களேன்” என்று என் மனைவி கேலி செய்வாள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், அலட்சியத்தால் நடந்தது என்று எழுதிவிடாதீர்கள் ஐயா. நான் அலட்சியமானவன் இல்லை.

என் தொழிலையும் அதனால்தான் விரும்பினேன். மருத்துவமனைகளுக்கு ஆபரேஷன் தியேட்டர் அமைத்துத் தரும் வேலை. செங்கல், சிமென்ட் கிடையாது. சுவரும் கூரையும் தொழிற்சாலையிலேயே எஃகுப் பலகைகளாகத் தயாராகி லாரியில் வந்து இறங்கும். பேனல் என்போம். பழைய கட்டடத்தின் சுவருக்கு ஒரு சாண் முன்னால் சட்டம் நிறுத்தி, பேனல்களை ஒன்றோடொன்று பூட்டி, இணைப்புகளில் சிலிகான் பசை பூசிவிட்டால் அறைக்குள் ஓர் அறை கிடைத்துவிடும். தூசி தங்கக் கூடாது என்று மூலைகளைக்கூட வளைவாகத்தான் வைப்போம். தடவிப் பார்த்தால் விரல் வழுக்கிக்கொண்டு போகும். அந்தச் சுகம் எனக்கு வேறெதிலும் கிடைத்ததில்லை.

அந்த மருத்துவமனையில் மூன்று தியேட்டர்கள். இரண்டை முடித்துவிட்டு, மூன்றாவதற்காகப் பழைய சுவரின் பூச்சைத் தட்டியபோது உள்ளே ஒரு குழாய் தெரிந்தது. மேல்மாடி வார்டின் கழிப்பறைகளிலிருந்து இறங்கும் குழாய். நெடுக வெடித்திருந்தது. எத்தனை வருடக் கசிவோ, சுற்றியிருந்த செங்கல் கறுத்து, ஊறி, கூழாகிக் கிடந்தது. பேனல் பூட்டும் எங்கள் ஃபிட்டர் கம்பியால் குத்தியதும் ஒரு கட்டி பெயர்ந்து என் காலணிமேல் சொத்தென்று விழுந்தது. அதில் வெள்ளை வெள்ளையாக நெளிந்தன. குட்டி ஈக்கள் புகைபோலக் கிளம்பி முகத்தில் மொய்த்தன. ஒன்று வாய்க்குள் போய்விட்டது. நான் வராந்தாவில் குந்தி, குடல் வெளியே வந்துவிடும்போல வாந்தியெடுத்தேன்.

ஃபிட்டர் என்னைவிட மூத்தவர். எதற்கும் முகம் சுளிக்காதவர். “என்ன சார் இப்படிப் பயந்துட்டீங்க? எல்லாம் மனுஷன் சாப்பிட்டதுதானே” என்று சிரித்தார். பிறகு, “மேல கக்கூஸ மூடச் சொல்லுங்க. இதப் பிடுங்கிட்டுப் புதுக்குழாய் போட்டுடலாம். சுவரு காயட்டும், அப்புறம் நம்ம வேலைய வச்சுக்கலாம்” என்றார்.

சொல்லியிருந்தால் மருத்துவமனை சம்மதித்திருக்கும். யார் நெருக்கினார்கள், யார் தடுத்தார்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். யாருமே இல்லை. அதைச் சரிசெய்வதென்றால் சுவரை முழுதாகத் திறக்க வேண்டும். திறந்தால் நான் தினமும் அங்கே நிற்க வேண்டும். என்னால் முடியாது. அவ்வளவுதான் காரணம்.

மறுநாளே ஃபிட்டரை வேறு மருத்துவமனை வேலைக்கு அனுப்பினேன். குழாயை மாற்றியாகிவிட்டது என்று போனில் அவரிடம் சொன்னேன். “நல்லதுங்க சார்” என்று அவரும் நம்பிவிட்டார். புதிய ஆட்களை வைத்து, அந்தச் சுவர்மேல் தடித்த பிளாஸ்டிக் விரிப்பை அடித்து, முன்னால் பேனலை நிறுத்தினேன். அவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்களே தவிர ஒரு கேள்வி கேட்கவில்லை. கடைசிப் பேனல் பூட்டிக்கொண்டதும் நாற்றம் கத்தரித்தாற்போல நின்றது. அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டேன்.

தியேட்டர் திறந்து சில மாதங்கள் இருக்கும். அங்கே பொறுப்பிலிருந்த நர்ஸ் என்னை வரச் சொன்னார்.

“கீழ் மூலையில ஏதோ கசியுது சார். டீத்தண்ணி மாதிரி இருக்கு. துடைச்ச துணிய மூக்குகிட்டக் கொண்டுபோக முடியல. நேத்து ஆபரேஷன் லைட்டு மேல குட்டியா ஒரு ஈ உக்காந்திருந்துச்சு. தியேட்டருக்குள்ள ஈ வரலாமா சார்?”

“ஏசி தண்ணியா இருக்கும் சிஸ்டர். ஈ, உங்க ஆளுங்க கதவத் திறந்து போட்டப்ப வந்திருக்கும்.”

கையுறைமேல் கையுறை மாட்டிக்கொண்டு, இணைப்பில் இன்னொரு முறை சிலிகான் பூசிவிட்டு வந்தேன். அதன்பிறகு அவர் பலமுறை கூப்பிட்டார். நான் போகவில்லை.

பிறகு ஆபரேஷன் செய்த இடங்கள் ஆறாமல் போகத் தொடங்கின. தையல் பிரிந்து சீழ் வழிந்ததாகக் கேள்விப்பட்டேன். வயதானவர்கள் இரண்டு பேர் இறந்துபோனார்கள். மருத்துவமனை விசாரணை வைத்தது. தலைமை மருத்துவர் என்னிடம் நேராகவே கேட்டார்.

“மறைக்காம சொல்லுங்க. சுவருக்குப் பின்னாடி ஏதாவது பிரச்சினை இருக்கா?”

“காத்துகூடப் புகாது டாக்டர். உங்க ஆளுங்க கைய ஒழுங்கா கழுவறாங்களான்னு பாருங்க.”

அந்த நர்ஸை வேலையைவிட்டு நிறுத்தினார்கள். அவர் கை கழுவுவதை நான் கண்ணாடி வழியாகப் பார்த்திருக்கிறேன். நகக்கண் விடாமல், முழங்கைவரை, நிதானமாகக் கழுவுவார். என்னைத் தவிர அப்படிக் கழுவுகிற இன்னொருவரை நான் பார்த்ததில்லை. அவர்மேல் எனக்கு இன்றைக்கும் மரியாதை உண்டு.

அந்தச் சமயத்தில்தான் என் மச்சினனுக்குக் குடலிறக்கம் வந்தது. “மாமா கட்டின தியேட்டர் இருக்கும்போது நான் எதுக்கு வேற இடம் தேடணும்? சொந்தக்காரன்னு ரெண்டு தையல் கூடவே போடுவாங்க” என்று எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து சிரித்தான். கையிலிருந்த கவளத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டேன்.

“அங்க வேண்டாம்.”

“ஏங்க, நீங்க கட்டினதுதானே?” என்றாள் மனைவி.

“வேண்டாம்னா விடேன்.”

ஊருக்கு வெளியே வேறொரு மருத்துவமனைக்கு நானே காரில் கூட்டிப்போய்ச் சேர்த்தேன். தம்பியின் பையை மடியில் வைத்துக்கொண்டு, வழியெல்லாம் அவள் என்னையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அவன் நலமாக வீடு திரும்பிய வாரம்தான் மூன்றாம் தியேட்டரில் அந்தப் பெண்ணுக்கு சிசேரியன். தலைப்பிரசவம். குழந்தை பிழைத்துக்கொண்டது. தாய்க்கு வயிறு முழுக்கச் சீழ் பிடித்தது. வார்டில் பக்கத்துப் படுக்கைக்காரர்கள் இடம் மாற்றிக் கேட்கும் அளவுக்கு நாற்றமாம். அவள் கணவன் மட்டும் கடைசிவரை முகத்தைத் திருப்பாமல் கூடவே உட்கார்ந்திருந்தானாம். அது எப்படி ஒருவனால் முடிந்தது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

அவள் இறந்த செய்தியைப் படித்துவிட்டு என் மனைவி எழுந்து வந்தாள். நான் குடித்துவிட்டு வைத்த தண்ணீரைக் கொட்டினாள். அந்த டம்ளரைத் தேய்த்தாள். கழுவிவிட்டு மறுபடியும் தேய்த்தாள். பிறகு தன் தம்பியைக் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கு உங்களிடம் வந்தாள்.

பேனலைக் கழற்றும்போது என்னையும் அழைத்துப் போனீர்கள். நான் வாசலைத் தாண்டவில்லை. எடுத்த படங்களை இந்த மேசையில் பரப்பினீர்கள். கவிழ்த்து வைத்துவிட்டேன்.

எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துதான் மூடினேன். நர்ஸ்மேல் பழியைத் தள்ளினேன். என் வீட்டு ஆளை அங்கே போகவிடாமல் காப்பாற்றிக்கொண்டு, மற்றவர்களைப் போகவிட்டேன். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

சிசேரியனுக்கு இடுப்புக்குக் கீழேதான் மரத்துப்போக வைப்பார்களாமே. அவள் முழு நினைவோடு இருந்தாளாம். “ஏதோ நாத்தம் வருதே டாக்டர்” என்று கேட்டாள் என்று நீங்கள் சொன்னபோது என் முகத்தையே கவனித்தீர்கள். நான் அழுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். கொஞ்சம் என் பக்கமும் யோசித்துப் பாருங்கள் ஐயா. சுவரைத் திறந்திருந்தால் நான் அதைத் தினமும் முகர்ந்திருக்க வேண்டும். அவள் ஒரே ஒரு நாள்தான் முகர்ந்தாள்.