முந்தின பிள்ளையின் பதில்

முட்டை உடம்புக்கு ஆகாத என் மகள் மடியில் தூங்க, விவேக் நகர் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். முன் இருக்கையில் இரண்டு பெண்கள். பள்ளிகளுக்கு மதியச் சாப்பாடு அனுப்பும் சமையல்கூடத்தில் கம்ப்யூட்டர் வேலை போலிருந்தது.

“லேபிள் அடிக்கற புரோகிராம்ல அந்த எரர் போயிடுச்சுக்கா!” என்றாள் இளையவள். “ஒவ்வொரு பிள்ளைக்கும் அலர்ஜி லிஸ்ட்டைத் திறந்து திறந்து தேடி, ‘இதுக்கு மேல திறக்க முடியாது’ன்னு பாதியில நின்னுடும்ல? இப்ப நிக்கறதில்ல.”

“எப்படிடி சரி பண்ணின?”

“எரர் வந்தா கண்டுக்காம லேபிளை அடிச்சுட்டுப் போன்னு எழுதிட்டேன்.”

“அடிப்பாவி! அப்போ அந்தப் பிள்ளையோட லேபிள்ல என்ன பிரிண்ட் ஆகும்?”

இளையவள் யோசித்தாள். “முந்தின பிள்ளைக்குத் தேடினப்ப வந்த பதில்.”

“இன்னிக்கு லேபிள்?”

“ஒட்டி அனுப்பியாச்சுக்கா.”

மூத்தவள் போனை எடுத்து, சாப்பாட்டு வண்டி டிரைவரைக் கூப்பிட்டாள். “அண்ணா, டப்பா எதையும் இறக்காதீங்க... இறக்கிட்டீங்களா? ஓடுங்கண்ணா, பெல் அடிக்கறதுக்குள்ள எல்லாத்தையும் திரும்ப எடுங்க!”

இளையவள் ஓடும் பஸ்ஸில் எழுந்து நின்றுவிட்டாள்.