பலகையில் இல்லாதவர்கள்

இந்த அறையின் மின்விசிறிக்கு யாராவது எண்ணெய் போட்டால் நன்றாக இருக்கும். குறையாகச் சொல்லவில்லை. விளக்குகளோடும் பேட்டரிகளோடும் வருடக்கணக்கில் உட்கார்ந்திருந்தவளுக்கு எது கரகரத்தாலும் கை தானாக அங்கே போகும். நேற்று நீங்கள் கேட்டதையெல்லாம் இன்று எழுதித் தருகிறேன். பேசினால் நடுநடுவே குறுக்கிடுகிறீர்கள், எனக்குக் கோர்வை விட்டுப்போகிறது.

சுரங்க வாயிலை ஒட்டிய விளக்கு அறைதான் என் இடம். ஒரு ஜன்னல், அதன் பக்கத்தில் ஆணி அடித்த மரப்பலகை. உள்ளே இறங்குகிற ஒவ்வொருவரும் என்னிடம் தலைவிளக்கை வாங்கிக்கொண்டு, தன் எண் பொறித்த பித்தளை டோக்கனைப் பலகையில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். வெளியே வந்ததும் விளக்கைக் கொடுத்துவிட்டு டோக்கனை எடுத்துக்கொள்ள வேண்டும். டோக்கன் தொங்கினால் உள்ளே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். பலகை காலியான பிறகுதான் வெடிக்காரர் வெளியிலிருந்து வெடியைக் கிளப்புவார். என் வேலை மொத்தமும் இவ்வளவுதான்.

என் வீட்டுக்காரர் பாறையில் துளை போடுகிறவர். தினமும் வரிசையில் நின்று, மற்றவர்களைப் போல ஜன்னலைத் தட்டுவார்.

"மேடம், இன்னைக்காவது எரியற லைட்டாப் பாத்துக் குடுப்பீங்களா?"

"எரியாட்டி என்ன, உங்க வாய்தான் எட்டூருக்கு வெளிச்சம் போடுமே, போங்க."

பின்னால் நிற்பவர்கள் சிரிப்பார்கள். வீட்டில் இப்படியெல்லாம் பேசிக்கொள்ள எங்களுக்கு நேரம் இருந்ததில்லை. எங்கள் குடித்தனம் பெரும்பாலும் அந்த ஜன்னலில்தான் நடந்தது.

எங்கள் முதலாளியை எல்லோரும் மாப்பிள்ளை என்றுதான் சொல்வோம். மந்திரியின் மகளைக் கட்டியவர். கல்யாணத்துக்கு முன்னால் அவருக்குச் சுரங்கம் கிடையாது, கல்யாணத்துக்குப் பிறகு கிடைத்தது. மலையின் மறுபக்கம் இன்னொரு கம்பெனியுடையது. இரண்டுக்கும் நடுவில் யாருக்கு உரிமை என்று தெளிவாகாத ஒரு பகுதி உண்டு. நாங்கள் அதை நடுத்துண்டு என்போம். நல்ல தாது அங்கேதான் இருந்தது. கோர்ட்டில் வழக்கு நடந்தது. தீர்ப்பு வரும்வரை இரண்டு பேரும் அதைத் தொடக்கூடாது என்று உத்தரவு.

மாப்பிள்ளைக்கு ஒரு யோசனை தோன்றியது. கோர்ட்டு ஆட்கள் பார்வையிட வரும்போது, பல வருடங்களாக நாம்தான் அங்கே வெட்டிக்கொண்டிருக்கிறோம் என்று தெரியும்படி பாதைகள் இருக்க வேண்டும். அதற்காக அவசர அவசரமாக உள்ளே தோண்டச் சொன்னார். அந்தப் பக்கத்தில் மறு கம்பெனி கைவிட்ட பழைய குழி ஒன்று தண்ணீர் நிறைந்து கிடந்தது. அப்படிப்பட்ட இடத்தில் முதலில் நீளமாக ஒரு சிறு துளை போட்டுத் தண்ணீர் கசிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் முன்னேற வேண்டும். என் வீட்டுக்காரர் அதைக் கேட்டதற்கு மேனேஜர், அதெல்லாம் பிறகு பார்க்கலாம் என்றார்.

"பயந்தவன்லாம் எதுக்கய்யா சுரங்கத்துக்கு வரணும்? வீட்ல உக்காந்து வெங்காயம் உரி" என்று என் கண்முன்னால்தான் என் வீட்டுக்காரரிடம் சொன்னார். அவர் டோக்கனை மாட்டிவிட்டு இறங்கினார். அவரோடு ஆறு பேர்.

முற்பகலில் தண்ணீர் உடைத்துக்கொண்டது. அந்தச் சத்தம் வாயில்வரை வந்தது. மற்ற பாதைகளில் இருந்தவர்கள் நனைந்தபடி ஓடி வந்து, டோக்கனைப் பிடுங்கிக்கொண்டு வெளியேறினார்கள். நான் வாயிலில் நின்று அவரைக் கூப்பிட்டுக் கத்திக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தபோது மேனேஜர் பலகை முன்னால் நின்றிருந்தார். மிச்சம் தொங்கிய ஏழு டோக்கன்களையும் பழம் பறிக்கிற மாதிரி ஒவ்வொன்றாக எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். தடை உத்தரவு இருக்கிற இடத்தில் ஆள் செத்தால் வழக்கு தோற்றுப்போகும் அல்லவா.

மீட்புப் படைத் தலைவர் நல்ல மனிதர். நேராகப் பலகைக்குத்தான் வந்தார்.

"ஏம்மா, பலகைல ஒண்ணுமே இல்லையே? எல்லாரும் வெளிய வந்தாச்சா?"

"இருந்துச்சு சார். ஏழு பேர் உள்ள இருக்காங்க. இவர்தான் எடுத்துட்டார்."

மேனேஜர் என் தோளைத் தட்டிக்கொடுத்தார். "பாவம் சார், வீட்டுக்காரன் சண்டை போட்டுட்டு எங்கயோ போயிட்டான். வேலைக்கே வரல. இது புலம்பிக்கிட்டு இருக்கு."

தண்ணீரை இறைக்கப் பம்பு இறக்கவில்லை. மறுநாளே அந்தப் பாதையின் கோடியில் சுவர் எழுப்பிப் பூசிவிட்டார்கள்.

பிறகு விசாரணைக் குழு வந்தது. அதன் தலைவருக்கு அந்தப் பதவியைக் கொடுத்தவர் மந்திரி. தலைவர் என்னை மரியாதையாக உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, முழுவதும் கேட்டார். திரும்பி வராத ஏழு விளக்குகளைப் பற்றியும் சொன்னேன். அறிக்கையில், அந்த ஏழு பேரும் கம்பெனி விளக்குகளைத் திருடிக்கொண்டு தலைமறைவாகிவிட்டார்கள் என்று வந்தது. பலகையில் டோக்கன் இல்லாத ஒருவர் சுரங்கத்துக்குள் இருந்ததாகக் கொள்ள முடியாது என்றும் அதில் இருந்தது. அந்த வரியைப் படித்தபோது எனக்கு அழுகை வரவில்லை. நல்ல, தெளிவான வரி. எல்லோருக்கும் பொதுவான சட்டமாக வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது.

என் மாமியார் இன்னும் கதவைத் தாழ் போடாமல்தான் படுக்கிறார். மகன் கோபித்துக்கொண்டு போயிருக்கிறான், வந்துவிடுவான் என்று அவருக்குச் சொல்லியிருக்கிறது. நானும் பொட்டை எடுக்கவில்லை. செத்தால்தானே எடுக்க வேண்டும். என் வீட்டுக்காரர் அரசாங்கக் கணக்கில் திருடன்தான், பிணம் இல்லை. என்னை வேலையிலிருந்து அனுப்பவில்லை. வெளியே போனால் பேசுவேன், கண் முன்னால் இருந்தால் அடங்கியிருப்பேன் என்று மேனேஜர் நினைத்திருக்க வேண்டும். அவர் நினைத்தது சரிதான். நான் அடங்கியே இருந்தேன். ஜன்னலுக்கு வருகிற எல்லோருக்கும் எரிகிற விளக்காகப் பார்த்துக் கொடுத்தேன்.

இந்த நிலையில்தான் சர்வேக்காரப் பெண் வேலைக்குச் சேர்ந்தாள். சுரங்கத்தை அளந்து வரைபடம் போடுகிற வேலை. மத்தியானம் என் அறையில்தான் சாப்பிடுவாள். தன் அம்மா கட்டிக்கொடுத்த சோற்றில் பாதியை என் தட்டில் தள்ளுவாள்.

"அக்கா, எங்கம்மா நான் ஏதோ மலையைத் தூக்கப் போறேன்னு நெனச்சுக்கிட்டுச் சோறு கட்டுது. நீங்களும் கொஞ்சம் தூக்குங்க."

ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள்: "நடுத்துண்டுல கூரையைத் தாங்க விட்டிருக்கிற தூணையெல்லாம் தாதுக்காகச் செதுக்கிச் செதுக்கிப் பென்சில் மாதிரி ஆக்கிட்டாங்கக்கா. பக்கத்துப் பாதைல வெடி வெச்சாலே போதும், மொத்தமும் உக்காந்துரும். எழுதிக் குடுத்தேன். மேனேஜர் கல்யாணம் பண்ணிக்கோ, புத்தி வந்துரும்கிறார்."

"நீ என்ன சொன்னே?"

"மாப்பிள்ளைக்குக் கெடச்ச மாதிரி மாமனார் கெடச்சாப் பண்ணிக்கறேன்னேன்."

நான் நெடுநாளுக்குப் பிறகு சிரித்தேன். தூண்களைப் பற்றி அவள் சொன்னதையும் மறக்கவில்லை.

வழக்கு முடிந்தது. மறு கம்பெனி ஒருநாள் தானாகவே விலகிக்கொண்டது. அவர்களுக்கு வேறு மலை கொடுத்தார்கள் என்று பேச்சு. நடுத்துண்டு மாப்பிள்ளைக்குச் சட்டப்படி வந்து சேர்ந்தது. அதை மாமனாருக்குச் சுற்றிக்காட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டார். தொழிலாளர்கள் மனுவோடு சூழ்ந்துகொள்வார்கள் என்பதால் சேதியை ரகசியமாக வைத்தார்கள். எல்லோரும் வெளியேறிச் சாப்பிடப் போகிற மத்தியான இடைவேளையாகப் பார்த்து வந்தார்கள். அந்த இடைவேளையில்தான் எப்போதும் வெடி போடுவது வழக்கம். மேனேஜருக்கு அது தெரியாதா. போகிற போக்கில் என் ஜன்னலில் தலையை நீட்டிச் சொன்னார்: "வெடிக்காரன் வந்தா இன்னைக்கு மத்தியானம் வேண்டாம்னு சொல்லிடு. மறந்துராத."

ஒரு மந்திரியின் உயிர் அந்த ஒரு வாய்ச்சொல்லில் இருந்தது. அவர் அதற்கு எழுத்தோ பூட்டோ எதுவும் போடவில்லை. அப்படித்தான் அந்தக் கம்பெனியில் எல்லாம் நடந்தது.

மந்திரி, மாப்பிள்ளை, மேனேஜர் மூவருக்கும் விளக்கு கொடுத்தேன். மந்திரி, "என்னம்மா, நல்லா இருக்கியா?" என்று கேட்டார். நல்லா இருக்கேன் ஐயா என்றேன். வழிகாட்ட வந்த சர்வேக்காரப் பெண் என்னைப் பார்த்து, "அக்கா, இவங்க மூணு பேருக்கும் டோக்கன் குடுங்க" என்றாள்.

மாப்பிள்ளை சிரித்தார். "எனக்கெதுக்கும்மா டோக்கன்? நான் என்ன கூலிக்கா போறேன்? சுரங்கமே நம்மது."

"விதிமுறை சார்."

"விதிமுறை போட்டவரே இங்க நிக்கிறார், பாரு." மந்திரியும் சிரித்தார்.

மூவரும் டோக்கன் இல்லாமல் இறங்கினார்கள். பலகைக்கு முன்னால் ஒரு பெரிய மனிதர் நின்று டோக்கன் மாட்டியதை நான் பார்த்ததே இல்லை. அதில் அவர்களுக்கு ஏதோ கௌரவக் குறைச்சல். கார்களை நிழலுக்காக ஆபீஸ் பக்கம் அனுப்பியிருந்தார்கள். வாயிலில் யாரும் இல்லை.

வெடிக்காரர் வெடிமருந்துக் கொட்டகையிலிருந்து வந்தார். நடுத்துண்டுக்குப் பக்கத்துப் பாதையில் காலையிலேயே மருந்து அடைத்து, கம்பியை வெளியே இழுத்து வைத்திருந்தார்.

"என்ன தங்கச்சி, காலிதானே?"

"நீங்களே பாத்துக்குங்க அண்ணே."

அவர் பார்த்தார். சங்கை ஊதிவிட்டுப் போய் வெடியைக் கிளப்பினார். தரை இரண்டு முறை அதிர்ந்தது. முதல் அதிர்ச்சி வெடி. இரண்டாவது தூண்கள். ஒழுங்கான கனத்தில் தூண்களை விட்டிருந்தால் இரண்டாவது வந்திருக்காது. வெடிக்காரரை விட்டுவிடுங்கள். நேற்றிலிருந்து அவர் சாப்பிடவில்லை என்று காவலர் சொன்னார். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை.

என் மேல் என்ன தப்பு என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஒரு சேதியைச் சொல்லச் சொன்னார்கள், நான் சொல்லவில்லை. பொய் ஒன்றும் பேசவில்லை. டோக்கன் இல்லாதவர் உள்ளே இல்லை என்று அவர்களே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அந்த மூவரும் தலைமறைவாகிவிட்டார்கள் என்று இப்போதும் ஒரு குழு போட்டு அறிக்கை எழுதலாம். மூன்று விளக்குகளையும் காணவில்லை.

நேற்று நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்டது அந்தப் பெண்ணைப் பற்றி. அவள் மட்டும் தன் டோக்கனை மாட்டிவிட்டுத்தான் போனாள். உண்மைதான். நான் அவளைத் தடுத்துப் பார்த்தேன். "நில்லும்மா, உன் பேட்டரி சரியில்ல, மாத்தித் தரேன், அவங்க போகட்டும்" என்றேன். "பரவால்லக்கா, எரியுதே" என்று சொல்லிவிட்டு அவர்கள் பின்னால் ஓடினாள். ஒரு முறை சொல்லியாகிவிட்டது. அதற்குமேல் சொன்னால் மேனேஜர் திரும்பிப் பார்த்திருப்பார். பலகையில் ஒரே ஒரு டோக்கன் தொங்கினாலும் வெடிக்காரர் கம்பியைத் தொடமாட்டார். அவ்வளவு கட்டுப்பாடான மனிதர். அதனால் அவர் வருவதற்கு முன் அதை எடுத்து, என் சாப்பாட்டுப் பைக்குள் போட்டேன். ஆணியிலிருந்து எடுக்க ஒரு நொடிகூட ஆகவில்லை.

இன்னொன்று நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். சுரங்கத்துக்குள் காற்று கொண்டுபோகிற இரும்புக் குழாய் என் அறைச் சுவரை ஒட்டித்தான் போகிறது. வெடிச் சத்தம் அடங்கிய பிறகு அதில் தட்டும் சத்தம் கேட்டது. மூன்று தட்டு, ஒரு இடைவெளி, மறுபடி மூன்று தட்டு. மாட்டிக்கொண்டவர்கள் அப்படித் தட்ட வேண்டும் என்று வேலைக்குச் சேரும் அன்று சொல்லிக்கொடுப்பார்கள். மந்திரிக்கும் மாப்பிள்ளைக்கும் அது தெரிய வாய்ப்பில்லை. மேனேஜர் அந்தப் பயிற்சிக்கு ஒருநாளும் வந்ததில்லை. ஒழுங்காக, பதறாமல் தட்டிக்கொண்டிருந்தாள். ஓடிப்போய்ச் சொன்னால் அவளை எடுக்கிறபோது கூடவே அவர்களையும் எடுத்துவிடுவார்கள். நான் நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டு, காலை வேளை விளக்குகளைத் துடைக்க ஆரம்பித்தேன். மந்திரியின் டிரைவர் தேடிக்கொண்டு வருவதற்கு முன்பே சத்தம் நின்றுவிட்டது.

அவளுடைய அம்மா வெளியே உட்கார்ந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். நான் நேரில் பார்ப்பது சரியாக இருக்காது. நீங்களே சொல்லிவிடுங்கள், அந்தப் பெண் மேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது.