தூவா பெர்க்வாலும் பதினான்காம் குழியும்

அவைத் தலைமை ஏற்று, ஏற்ற நிமிடத்திலிருந்து கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெருமதிப்பிற்குரிய வழக்கறிஞர் ஐயா சிதம்பரநாதன் அவர்களே. முன்வரிசையில் அமர்ந்து இந்த மண்டபத்துக்கே மூச்சாய் விளங்கும் மூத்தோர்களே. பிள்ளையை மடியிலும் பையைத் தோளிலும் சுமந்து, பாகான் நக்கோடா ஓமாரிலிருந்தும் சுங்கை ஆயர் தாவாரிலிருந்தும் பஸ் மாறி வந்திருக்கும் தாய்மார்களே. உள்ளே இடமிருந்தும் வாசலிலேயே நிற்பதென்று முடிவு செய்துவிட்ட இளைஞர்களே. இவர்கள் எல்லாருக்கும் மேலாக, பனி பொழியும் சுவீடனில் பிறந்து, பந்தடித்துப் பாரெல்லாம் பெயர் பெற்று, இன்று நம் புக்கிட் ரோத்தானில் பட்டுச் சால்வைக்குள் வியர்த்துக்கொண்டிருக்கும் இருபத்துமூன்று வயதுச் செல்வி தூவா பெர்க்வால் அவர்களே. அவர் காதருகே அமர்ந்து என் சொற்களை ஆங்கிலத்தில் எடுத்துச் சொல்லும் தங்கை ரூபிணியே. உங்கள் அனைவருக்கும் அடியேன் புவனேசனின் காலை வணக்கம்.

ரூபிணி, வியர்வையைப் பற்றிச் சொன்னதை மொழிபெயர்க்க வேண்டாம்.

அன்பர்களே, எனக்குப் பத்து நிமிடம் தந்திருக்கிறார்கள். அதில் இரண்டு நிமிடம் உங்களை விளிப்பதிலேயே போய்விட்டது. ராவாங் தொழிற்சாலையில் இருபத்தெட்டு ஆண்டுகள் மேற்பார்வையாளனாக இருந்து, நேரத்துக்கு வராதவர்களை எல்லாம் எழுதி அனுப்பியவன் நான். ஆகவே நேரத்தின் அருமை எனக்குத் தெரியும். தெரிந்தும்தான் பேசுகிறேன்.

இந்தச் செல்வியின் வெற்றியைப் பற்றிப் பேச வேண்டும் என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறது. பேசுவேன். ஆனால் அந்த வெற்றிக்கு முன்னால் ஒரு தோல்வி இருக்கிறது. ஒரே ஓர் அடியில் வந்த தோல்வி. அந்த ஓர் அடி இவருக்கு ஓர் ஆண்டைத் தின்றது. இன்னொருவருக்கு நல்ல பெயரைத் தின்றது. அந்தப் பெயர் இன்னும் திரும்பி வரவில்லை. அதற்காகத்தான் இந்த ஒலிபெருக்கியை நான் இறுகப் பிடித்திருக்கிறேன்.

முதலில், கோல்ஃப் என்றால் என்ன? உலகத்திலேயே மிகச் சிறிய பந்தை, உலகத்திலேயே மிகப் பெரிய திடலில், கண்ணுக்கு எட்டாத தூரத்துக்கு அடிப்பது. அடித்துவிட்டு, அதைத் தேடிக்கொண்டு போவது. கிடைத்தால் மறுபடியும் அடிப்பது. இப்படிப் பதினெட்டுக் குழி. யார் குறைவாக அடித்தாரோ அவர் வென்றவர். அடிக்க வந்த இடத்தில் குறைவாக அடித்தவனுக்குப் பரிசு தரும் விளையாட்டு உலகத்தில் இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். தலைவர் ஐயா வாரம் இருமுறை இந்த ஆட்டத்தை ஆடுகிறவர். அவர் முகத்தைப் பார்த்தால் நான் சொன்னது சரியில்லை என்று தெரிகிறது. பரவாயில்லை.

இந்தச் செல்வி பிறந்த ஊரில் ஆண்டில் ஆறு மாதம் பனி. புல்லே தெரியாத ஊரில் பிறந்தவர் புல்லில் ஆடும் ஆட்டத்துக்கு ஏன் வந்தார்? தெரியவில்லை. பேரங்காடியில் சரக்கு இறக்கும் வேலை பார்த்தார். வேலை முடிந்ததும் ஒரு மாட்டுக் கொட்டகையில் வலை கட்டி, அதில் பந்தடித்துப் பழகினார். மாடுகள் பழகிவிட்டனவாம். அதை இவரே என்னிடம் சொன்னார். நம் ஊரில் மாடு வைத்திருப்பவர்கள் இதைச் செய்து பார்க்க வேண்டாம்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் இவர் நம் பக்கம் வந்தார். நம் பழைய தோட்டம் இருந்த இடத்தில் இன்று கோல்ஃப் திடல் இருக்கிறதே, அங்கே ஒரு தகுதிப் போட்டி. மூன்று நாள் ஆட்டம். முதல் பன்னிரண்டு பேருக்கு ஆசியச் சுற்றில் ஓர் ஆண்டு முழுக்க ஆட இடம். பதின்மூன்றாவதாக வந்தவருக்கு விமானச் சீட்டு மட்டும், அதுவும் சொந்தச் செலவில். அந்தப் போட்டியில் இவருடைய மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு கூட நடந்தவர், கேடி என்பார்களே, அந்த வேலை பார்த்தவர் நம் கண்மணி. அந்தப் பழைய தோட்டத்தின் மூன்றாவது டிவிஷனில், தொழிலாளர் லயத்து வீட்டில் பிறந்த பெண். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, எந்தப் புல் பந்தை இழுக்கும் என்று அந்த மண்ணில் யாருக்குத் தெரியும்? பிறந்து வளர்ந்தவளுக்குத் தெரியும்.

நான் அங்கே என்ன செய்துகொண்டிருந்தேன் என்று கேட்கிறீர்களா? தொண்டர் வேலை. மஞ்சள் சட்டை, கையில் ஒரு கொடி, மதியம் ஒரு பொட்டலம் நாசி லெமாக் சோறு. பதினான்காம் குழிப் பக்கம் பந்து எங்கே விழுகிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். பார்ப்பதுதான் என் வேலை. தயவுசெய்து இதை மறந்துவிடாதீர்கள்.

பதினான்காம் குழி ஓரத்தில் ஒரு தூங்குமூஞ்சி மரம் நிற்கிறது. அதனடியில் முனியாண்டி. சிலையில்லை, கூரையில்லை, மஞ்சள் பூசிய ஒரே கல். திடல் அமைக்கும்போது அந்த மரத்தைத் தள்ள வந்த புல்டோசர் இரண்டு முறை நின்றுபோனது. டீசல் போட மறந்ததுதான் காரணம் என்று பிற்பாடு தெரிந்தது. ஆனாலும் மரம் தப்பித்தது, கல்லும் தப்பித்தது. கடைசி நாள், ஒன்பதாம் இடத்தில் நின்றுகொண்டிருந்த இந்தச் செல்வி அடித்த பந்து, காற்றில் வளைந்து, மரத்தில் பட்டு, உருண்டு, முனியாண்டி காலடியில் போய் நின்றது.

சாமி முன்னால் ஒரு பொருள் வந்து விழுந்தால் நம் வீட்டுப் பெண் என்ன செய்வாள்? யோசிப்பாளா? விதிப்புத்தகத்தைப் புரட்டுவாளா? கண்மணி பையை இறக்கினாள். சப்பாத்தைக் கழற்றினாள். கும்பிட்டாள். வலது கையால் பந்தை எடுத்து, சட்டையில் துடைத்து, பிரசாதம் கொடுப்பதுபோல் இரண்டு கையாலும் இவரிடம் நீட்டினாள். இவரும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். வாங்கிய பிறகுதான் முகம் வெளுத்தது. ஏற்கெனவே வெளுத்த முகம்தான், இருந்தாலும் தெரிந்தது.

ஏனென்றால் அன்பர்களே, நின்ற பந்தைத் தொடக்கூடாது. ஆடுகிறவர் தொட்டாலும், கேடி தொட்டாலும் ஓர் அடி தண்டனை.

கூட ஆடிய பெண்கள் தூரத்தில் தங்கள் பந்தைத் தேடிக்கொண்டிருந்தார்கள். நடுவர் அடுத்த குழியில். படம் பிடிக்க ஆள் இல்லை. பார்த்த கண்கள் மொத்தம் ஆறு. கண்மணிக்கு இரண்டு, இவருக்கு இரண்டு. மீதி இரண்டு இந்த முகத்தில் இருப்பவை. நான் ஓடிப் போய், எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன்:

"நோபடி சீ, மிஸ். யூ ப்ளே லா."

உதவி செய்ததாகத்தான் நினைத்தேன். நம் தோட்டத்துப் பெண்ணும் தப்பிப்பாள், வந்த விருந்தாளியும் தப்பிப்பாள் என்று நினைத்தேன். இந்தச் செல்வி என்னைப் பார்த்தார். கோபமில்லை. ஆங்கிலத்தில் மூன்றே சொற்கள் சொன்னார். தமிழில் அது இரண்டு.

"நான் பார்த்தேனே."

சொல்லிவிட்டுக் கையைத் தூக்கி நடுவரைக் கூப்பிட்டார். நடுவர் வந்தார். ஓர் அடி கூட்டினார். பந்தை எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்து ஆடச் சொன்னார். அதாவது முனியாண்டி முன்னாலேயே. கண்மணிக்குக் கண் கலங்கிவிட்டது. சப்பாத்துக் காலோடு அங்கே எப்படி நிற்பது? இவர் குனிந்து சப்பாத்தைக் கழற்றினார். காலுறையையும் கழற்றினார். கண்மணியைப் பார்த்தார், அவள் கும்பிட்டதுபோல் கும்பிட்டார். வெறுங்காலோடு நின்று அடித்தார்.

என்னம்மா தனேஸ்வரி, நாற்காலி நுனிக்கே வந்துவிட்டீர்கள்? ஆமாம், நீங்கள் எதிர்பார்ப்பது எனக்குப் புரிகிறது. பந்து பறந்து போய் நேராகக் குழியில் விழுந்தது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். மணலில் போய் விழுந்தது. சாமி அன்றைக்கு யார் பக்கமும் சேரவில்லை.

மாலையில் பட்டியல் ஒட்டினார்கள். பன்னிரண்டு பெயர். இவர் பதின்மூன்று. ஓர் அடி. ஒரே ஓர் அடி.

தலைவர் ஐயாவிடமிருந்து துண்டுச் சீட்டு வந்திருக்கிறது. 'முடிக்கவும்' என்று எழுதியிருக்கிறார். ஐயா, இந்த ஒரு முறை அதைத் திரும்ப உங்கள் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். முடிக்க வேண்டிய இடத்துக்குத்தான் வந்துகொண்டிருக்கிறேன்.

அன்று மாலையே கேடிகளின் தலைவர் மகேந்திரன் விசாரித்தார். நேர்மையான மனிதர், குறை சொல்ல முடியாது. கேடி பந்தைத் தொட்டால் அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்பார்: தெரியாமல் செய்தாளா, நல்ல இடத்தில் நகர்த்தி வைக்கப் பார்த்தாளா? சாமிக்காக எடுத்தேன் என்றாள் கண்மணி. ஆமாம், அப்படித்தான் என்றார் இவர். இரக்கப்பட்டுச் சொல்கிறது வெள்ளைக்காரப் பிள்ளை என்று மகேந்திரன் நினைத்தார். வேறு யாராவது பார்த்தவர்கள் உண்டா என்று கேட்டார். எல்லாரும் என் மஞ்சள் சட்டையைப் பார்த்தார்கள்.

"நான் சரியா பாக்கல, சார். வெயில் கண்ண கூசிருச்சி."

அன்பர்களே, சூரியன் என் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

ஏன் அப்படிச் சொன்னேன்? பார்த்தேன் என்று சொன்னால், பார்த்துவிட்டு 'யாரும் பார்க்கவில்லை' என்று ஆட்டக்காரரிடம் ஏன் சொன்னாய் என்று அடுத்த கேள்வி வரும். மஞ்சள் சட்டையைக் கழற்றச் சொல்வார்கள். அடுத்த ஆண்டு கூப்பிட மாட்டார்கள். இருபத்தெட்டு ஆண்டு மற்றவர்களின் தவற்றை எழுதி அனுப்பிய கை, தன் தவற்றை எழுத வரவில்லை. ஒரு சட்டைக்காக, நாசி லெமாக்குக்காக, நான் பொய் சொன்னேன்.

கண்மணியைப் பை தூக்கும் வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஓர் ஆண்டு முழுக்க அந்தத் திடலில் வண்டி கழுவினாள். ஊருக்குள் அவளுக்குப் 'பந்தெடுத்த கண்மணி' என்று பெயர் வைத்தார்கள். சந்தையில் சொன்னார்கள், கோயில் வரிசையில் சொன்னார்கள், அவள் பிள்ளையின் பள்ளிக்கூட வாசலிலும் சொன்னார்கள். இந்த மண்டபத்தில் அந்தப் பெயரைச் சொல்லாதவர்கள் கை தூக்குங்கள் என்று கேட்கப் போவதில்லை. கேட்டால் நானே தூக்க முடியாது.

இனிமேல்தான் அழைப்பிதழில் போட்ட வெற்றி வருகிறது. மறு ஆண்டு இந்தச் செல்வி மறுபடியும் வந்தார். கண்மணி என் பையைத் தூக்க வேண்டும் என்று கேட்டார். முடியாது என்றார்கள். சரி, அப்படியானால் வேறு யாரும் வேண்டாம், நானே தூக்குகிறேன் என்று முன்மண்டபத்தில் பையைப் போட்டு அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டார். ஒரு மணி நேரம் உட்கார்ந்தாராம். மகேந்திரன் போய் வண்டி கழுவும் இடத்திலிருந்து கண்மணியைக் கூட்டி வந்தார். அந்தப் போட்டியில் இவர் வந்த இடம் முதலிடம். அடுத்த ஐந்து மாதத்தில் தாய்லாந்தில் ஒரு கோப்பை. பிறகு தைவானில் ஒன்று. சென்ற மாதம் சிங்கப்பூரில் ஒன்று. மூன்று கோப்பையிலும் பை தூக்கியவள் யார்? காற்றைப் பார்த்துச் சொன்னவள் யார்? புல்லைத் தொட்டுச் சொன்னவள் யார்?

ஆனால் சென்ற வாரம் நம் ஊர்த் தேநீர்க் கடையில் ஒருவர் சொன்னார்: "அங்கயும் பந்த எடுத்து எடுத்துதான் வச்சிருப்பா, அதான் கப்பு." எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்குப் போனேன். மேசையில் இந்த விழாவின் அழைப்பிதழ் இருந்தது. தலைவர் பெயர் இருக்கிறது, தூவா பெயர் இருக்கிறது, என் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கிறது. கண்மணி பெயர் எங்கே? நான்தான் அச்சுக்குக் கொடுத்தவன். நான்தான் விட்டுவிட்டேன். மறதியில் விடவில்லை.

இந்தப் பேச்சின் தொடக்கத்தில் எல்லாரையும் விளித்தேன். ஒருவரை விளிக்கவில்லை. இப்போது விளிக்கிறேன்.

கதவோரம் மூன்றாவது நாற்காலியில், அழைப்பு இல்லாமல் தோழிக்காக வந்து அமர்ந்திருக்கும் என் அன்புத் தங்கை கண்மணி அவர்களே.

அந்தப் பந்தை நீ நகர்த்தி வைக்கவில்லை. சப்பாத்தைக் கழற்றினாய், கும்பிட்டாய், எடுத்தாய், இரண்டு கையால் கொடுத்தாய். அதில் களவு இல்லை, கள்ளம் இல்லை, கடுகளவு கெட்ட எண்ணம் இல்லை. இதற்குச் சாட்சி உண்டா என்று மகேந்திரன் கேட்டார். ஊர் கேட்டது. உன் பிள்ளையின் பள்ளிக்கூட வாசல் கேட்டது. சாட்சி இருந்தான். மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு, முதுகில் வெயிலோடு, பத்தடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தான். இருபத்தொரு வயதில், தன் ஆண்டே போகும் என்று தெரிந்தும் ஒரு பிள்ளை சொன்ன சொல்லை, அறுபது வயதில் இவனால் சொல்ல முடியவில்லை. இரண்டு ஆண்டு கழித்துச் சொல்கிறான்.

நான் பார்த்தேன்.

ரூபிணி, நிறுத்திவிட்டாயே. தொடக்கத்தில் ஒன்றை விட்டுவிடச் சொன்னேன். இதை மட்டும் ஒரு சொல் விடாமல் சொல்லிவிடு.

மகேந்திரன் ஐயா நான்காவது வரிசையில் இருக்கிறார். நாளைக் காலை அலுவலகத்துக்கு வந்து எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன், ஐயா. மஞ்சள் சட்டையையும் துவைத்துக் கொண்டு வருகிறேன்.

கண்மணி, மேடைக்கு வா என்றால் வேண்டாம் என்று கை காட்டுகிறாய். என்ன சொல்கிறாள்? கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள், இங்கே கேட்கவில்லை. "வேணாண்ணே, நீங்க சொன்னதே போதும், தூவாவுக்குப் பசிக்கிது" என்கிறாளாம். அவளுக்குப் போதும். எனக்குப் போதாது.

ஆகவே பெரியோர்களே, தாய்மார்களே, பொறுமையாகக் கேட்ட அத்தனை பேருக்கும், இருமுறை சீட்டு அனுப்ப நினைத்து ஒருமுறையோடு நிறுத்திக்கொண்ட தலைவர் ஐயாவுக்கும், பனி நாட்டிலிருந்து வந்து இரண்டு சொல்லில் எனக்குப் பாடம் நடத்திய செல்வி தூவாவுக்கும் என் நன்றி. எனக்குப் போட்ட இந்த மாலையைக் கழற்றிக் கையில் வைத்திருக்கிறேன். இது போய்ச் சேர வேண்டிய இடம் கதவோரம் மூன்றாவது நாற்காலி. அவள் மேலே வரமாட்டாள். நான் கீழே இறங்கி வருகிறேன்.

வழி விடுங்கள், தம்பிகளா. வணக்கம்.