வலது பக்கம் வந்து சொல்லு

— டீ வேணுமான்னு நான் கேக்கல. ஏன் பொய் சொன்னீங்கன்னு கேட்டேன்.

— அட, செத்த சத்தமாத்தான் சொல்லேன் ஐரின். வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்புல வண்டிய நிறுத்திக்கிட்டு இப்படி முணுமுணுத்தா என்னத்த விளங்கும்?

— சத்தமாச் சொன்னா அனிஷா முழிச்சுக்கிருவா. மலை இறங்குற வரைக்கும் ஒவ்வொரு வளைவுலயும் உமட்டிக்கிட்டு வந்த பிள்ளை. இப்பத்தான் பின் சீட்டுல கண்ணசந்திருக்கு.

— முழிச்சா முழிக்கட்டும். ஆளுக்கு ஒரு டீயக் குடிச்சிட்டுக் கெளம்புனா, செம்பட்டி வழியாப் போயி பொழுதோட திண்டுக்கல் சேந்துறலாம்.

— நாம, ரஃபி அண்ணன்-பாஸிலா, ஆனந்த்ராஜ்-ரூபின்னு மூணு குடும்பம் ஒண்ணாச் சேந்து லீவு போட்டு வந்தோம். கொடைக்கானல்ல இன்னைக்கும் இருக்கணும்னுதானே ரூம் எடுத்தது? நாம மட்டும் காலைல மூட்டை கட்டிட்டோம். ரூபி வாசல் வரைக்கும் வந்து, 'என்னக்கா ஆச்சு'ன்னு கேட்டா. எனக்கே தெரியலன்னு சொல்லிட்டு வந்தேன். எனக்காச்சும் சொல்லணும்ல?

— ரஃபி பேசுன பேச்சை நீயும்தானே கேட்ட? அதுக்கப்புறமும் அவன்கூட உக்காந்து சோறு திங்கச் சொல்றியா?

— ரஃபி அண்ணன் என்ன தப்பாக் கேட்டாரு? நேத்து பிள்ளைய உங்ககிட்ட விட்டுட்டு நாங்க பொம்பளைங்க பஜ்ஜி வாங்கப் போனோம். திடுதிப்புன்னு மேகம் இறங்கிருச்சு. பக்கத்துல நிக்கிறவங்க மூஞ்சி தெரியல. தடவித் தடவி வந்து பாத்தா, நீங்க பள்ளத்தாக்கு ஓரமா நிக்கிறீங்க. பிள்ளையக் காணோம். கேட்டா, போன் பேசிக்கிட்டு இருந்தேன், கவனிக்கலன்னீங்க. 'பெத்த பிள்ளையவிட போன் பெருசாப் போச்சாடா'ன்னு அவரு கேட்டாரு. யாரா இருந்தாலும் கேப்பாங்க.

— அதான் ஆனந்த்ராஜ் தேடித் தூக்கிட்டு வந்துட்டான்ல. விடு.

— அது சரி. ஆனா உங்க போன் எங்கிட்ட இருந்துச்சு.

— என்ன?

— உங்க போன். போட்டோ எடுக்கச் சொல்லி நீங்கதான் எங்கையில குடுத்தீங்க. பஜ்ஜிக் கடைல நிக்கிறப்பவும் என் ஹேண்ட்பேக்லதான் கெடந்துச்சு. அப்புறம் எந்தப் போன்ல பேசுனீங்க? அம்புட்டுப் பேரும் உங்களத் திட்டுறாங்க. நீங்க தலையக் குனிஞ்சு வாங்கிக்கிட்டீங்க. செய்யாத தப்ப ஒரு மனுசன் எதுக்கு ஒத்துக்கணும்?

— அப்ப நீ ஏன் வாயத் திறக்கல? போன் எங்கிட்ட இருந்துச்சுன்னு சொல்லிருக்கலாமே.

— நீங்க என்ன மறைக்கிறீங்கன்னு எனக்குத் தெரியும். அதை எல்லார் முன்னாடியும் போட்டு உடைக்க மனசு வரல.

— நான் என்னத்த மறைச்சேன்?

— சரி, ஒண்ணு செய்யுங்க. இந்தப் பக்கம் திரும்பாம அந்த டீக்கடையவே பாருங்க.

— எதுக்கு?

— பாருங்க, சொல்றேன்.

— ம். பாத்துட்டேன்.

— பிள்ளையக் காணோம்னதும் எனக்கு உசுரே இல்ல. ஆனா மேகத்துக்குள்ள உங்க மூஞ்சியப் பாத்தப்ப, பிள்ளையவிட உங்களத்தான் முதல்ல கட்டிப் பிடிச்சுக்கணும்போல இருந்துச்சு.

— என்னமோ சொல்லப் போறன்னு பாத்தா, சும்மா உக்காந்திருக்க? ஐரின். ஏம்மா, ஏன் அழுவுற? நான் என்ன சொல்லிட்டேன்?

— இறங்குங்க. எறங்கி அங்கிட்டு வாங்க. வண்டிக்குள்ள உக்காந்தா உங்க இடது பக்கம்தான் எனக்குக் கெடைக்குது. என் உதட்டப் பாக்கலன்னா நான் சொல்றது உங்களுக்கு விளங்கல. இடது காது சுத்தமாப் போயிருச்சு, இல்ல?

— சரி, எறங்குறேன். நீயும் வா. கதவப் பையச் சாத்து.

— இப்பக் கேக்குதா?

— கேக்குது. எப்பத்துலருந்து தெரியும் உனக்கு?

— எப்பன்னு சொல்ல? சோத்துக்கு வெஞ்சனம் என்ன வைக்கட்டும்னு கேட்டா, நாளைக்குப் போலாம்னு பதில் சொன்னீங்க. குக்கர் கத்திக்கிட்டே கெடக்கும், நீங்க பக்கத்துலயே உக்காந்து பேப்பர் படிப்பீங்க. ஞாயித்துக்கிழமை சர்ச்சுப் பூசைல எல்லாரும் உக்காந்த பெறகு, சுத்திமுத்தும் பாத்துட்டு உக்காருவீங்க. முன்னாடியெல்லாம் நான் அடுப்படில முணுமுணுத்தாலே, 'என்ன, என்னையவா திட்டுற'ன்னு ஓடி வருவீங்க. இப்ப நிம்மதியாத் திட்டுறேன்.

— அப்பவே கேக்க வேண்டியதுதானே?

— நீங்களாச் சொல்லுவீங்கன்னு இருந்தேன். பகல் பூரா பள்ளிக்கூடத்துல கத்திட்டு வந்து, வீட்லயும் கத்திப் பேசி எனக்குத் தொண்டை கட்டிருச்சு. நீங்க சுக்குக் காப்பி போட்டுக் குடுத்து, 'டீச்சர் வேலைனா இதான் தொல்லை'ன்னீங்க. எனக்குச் சிரிக்கிறதா அழுகுறதான்னு தெரியல.

— சிரிச்சிருக்கலாம்.

— சிரிச்சேன். நீங்க திரும்பிப் போன பெறகு.

— மில்லுல அந்த மிஷின் ஓடுற சத்தம் உனக்குத் தெரியாது ஐரின். நூல் சுத்துற பக்கம் ஒரு வருசம் நின்னா ஊரே அமைதியாத் தெரியும். ஆரம்பத்துல பஞ்ச உருட்டிக் காதுல வெச்சுக்குவேன். அப்புறம் சத்தம் பழகிருச்சுன்னு பஞ்சு வைக்கிறத விட்டுட்டேன். பழகலம்மா. காதுதான் போயிக்கிட்டு இருந்துருக்கு.

— டாக்டர்கிட்ட ஒரு எட்டுப் போயிருக்கலாம்ல?

— போனா காதுல மிஷின் மாட்டச் சொல்லுவான்.

— மாட்டுனா என்ன? நான் கண்ணாடி போடல?

— கண்ணாடி போட்டா டீச்சர்ம்பாங்க. இதை மாட்டுனா கிழவன்ம்பாங்க. எங்க மில்லுல சோலைமலைன்னு ஒரு ஃபிட்டரு. அவருக்குக் காது போனப்ப டமாரம்னு பேரு வெச்சுட்டாங்க. அவரு முன்னாலயே கூப்பிடுவாங்க. அவரு சிரிச்ச மூஞ்சியா வேலை பாத்துக்கிட்டே இருப்பாரு. அதான் எனக்குப் பயம். என்னையும் அப்படிக் கூப்பிட்டா எனக்குத் தெரியாதுல்ல.

— அதுக்காக எங்கிட்டயும் மறைப்பீங்களா?

— உங்கிட்டத்தான் முக்கியமா மறைச்சேன். நீ பரிதாபமாப் பாப்ப.

— நான் அப்படியா பாத்துக்கிட்டு இருந்தேன் இம்புட்டு நாளா?

— இல்ல.

— நேத்து அங்க என்னதான் நடந்துச்சு? இப்பவாச்சும் சொல்லுங்க.

— மேகம் வந்துச்சு. சில்லுன்னு இருந்துச்சு. பிள்ளை பின்னாடிதான் நிக்குதுன்னு நெனச்சுக்கிட்டு, 'பாத்தியா பாப்பா'ன்னு திரும்புனேன். எங்கிட்டும் வெள்ளையா இருக்கு. அனிஷான்னு கத்துனேன். கத்துன பெறகுதான் உறைச்சுச்சு. அவ பதில் சொன்னா எனக்குக் கேக்காது. ரெண்டடி தள்ளி நின்னு அப்பா அப்பான்னு அழுதாலும் கேக்காது. ஒரு பக்கம் பள்ளம், ஒரு பக்கம் ரோடு. எங்கிட்டுப் போறதுன்னு தெரியல. நான் ஒரு பக்கம் போயி, அவ இன்னொரு பக்கத்துலருந்து கூப்பிட்டுக்கிட்டு இருந்தா? காலு நகரல ஐரின். அப்படியே நின்னுட்டேன். நீங்க வந்து பாத்தது அதைத்தான். நான் பள்ளத்தாக்க வேடிக்கை பாக்கல.

— ஏங்க...

— போன் பேசிக்கிட்டு இருந்தேன்னு சொன்னா பொறுப்பில்லாதவன்ம்பாங்க. அது பரவால்ல. பிள்ளை கூப்பிட்டது கேக்கலன்னு என் வாயால எப்படிச் சொல்லுவேன்?

— கையக் குடுங்க.

— அவ எத்தனை தடவ கூப்பிட்டாளோ. எங்க நின்னு அழுதாளோ. ஆனந்த்ராஜ் தூக்கிட்டு வந்தப்ப, பிள்ளை எங்க இருந்துச்சுன்னு கேக்கக்கூட எனக்குத் தைரியம் வரல. காலைலேருந்து எங்கிட்ட ஒரு வார்த்தை பேசல, பாத்தியா?

— எங்கிட்டயும்தான் பேசல. வயித்தப் பெரட்டுது, அதான்னு நெனச்சேன்.

— அது இல்ல. கூப்பிட்டும் அப்பா வரலையேன்னு மனசுல வெச்சிருக்கா.

— போன் அடிக்குது பாருங்க. ரஃபி அண்ணன்.

— வேணாம், வைய்யி. அப்புறம் பேசிக்கலாம்.

— எடுங்க. ஸ்பீக்கர்ல போடுறேன், வலது பக்கமாப் பிடிக்கிறேன். ம், பேசுங்க.

— மாப்ள, மலை இறங்கிட்டியாடா?

— வத்தலக்குண்டுல நிக்கிறோம் ரஃபி.

— ஏன்டா, நேத்து பதட்டத்துல ஒரு வார்த்தை சொல்லிட்டேன். அதுக்காக குடும்பத்தோட கெளம்பிப் போயிருவியா? பாஸிலா காலைலேருந்து என்னைய வறுத்து எடுக்குறா. நாஷ்டாகூட ஒழுங்கா இறங்கல. போன்ல நீ என்ன பேசுன, எவன்கூடப் பேசுன, எனக்கு ஒண்ணும் வேணாம் மாப்ள. வந்துரு.

— நான் போன் பேசல ரஃபி.

— பேசலையா? அப்பறம் என்னடா பண்ணுன?

— எனக்குக் காது கேக்கல.

— என்னது?

— நான் கேக்க வேண்டிய கேள்விய நீ கேக்குற. இடது காது சுத்தமா இல்ல. வலது பாதிதான். பிள்ளை கூப்பிட்டா எனக்குத் தெரியாது. அதான் நடந்தது. ஐரின், போன வெச்சுட்டானா?

— இல்ல, இருக்காரு.

— மாப்ள, இருக்கேன். அப்ப வியாழக்கிழமை சாயங்காலம் புரோட்டாக் கடைல நான் சொல்ற கதையெல்லாம்?

— நீயும் ஆனந்த்ராஜும் சிரிச்சா நானும் சிரிப்பேன்.

— அடப்பாவி. நீ ஒருத்தன்தான் என் ரசிகன்னு பாஸிலாகிட்டச் சொல்லிக்கிட்டு இருக்கேன்.

— கொஞ்சம் கொஞ்சம் கேக்கும்டா.

— நேத்து நான் சொன்னது? பெத்த பிள்ளையவிடன்னு சொன்னேனே. அதாச்சும் கேக்காமப் போச்சா?

— அது நல்லாக் கேட்டுச்சு. நீ வலது பக்கம் நின்னு சொன்ன.

— மன்னிச்சுக்கடா மாப்ள. எங்க மாமா அப்துல் சுக்கூர் இருக்காருல்ல, அவரும் காதுல மிஷின்தான் வெச்சிருக்காரு. மாமியா பேச ஆரம்பிச்சா கழட்டிப் பாக்கெட்ல போட்டுக்குவாரு. அம்புட்டு வசதி. திங்கக்கிழமை நானே உன்னைய அவரு டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போறேன். இப்ப வண்டியத் திருப்பு. நம்ம ரூம் அப்படியேதான் இருக்கு. மத்தியானச் சோத்துக்கு வந்துரு.

— மறுபடி அம்புட்டு வளைவும் ஏறணும்டா. பிள்ளைக்குச் சேரல.

— பைய ஏத்து. எலுமிச்சம்பழம் வாங்கிக் கையில குடு. தங்கச்சி, நீ சொல்லும்மா அவன்கிட்ட. வலது பக்கம் போயி சொல்லு.

— சொல்றேன்ணே. வச்சிருங்க, நாங்க வாரோம்.

— நீ பாட்டுக்கு வாரோம்னுட்ட?

— ஆமா. சொன்னதக் கேட்டீங்கல்ல, அது போதும். டாக்டர்கிட்ட நானும் வருவேன். இப்ப பிள்ளைகிட்டச் சொல்லணும்.

— என்னான்னு சொல்ல? எட்டு வயசுப் பிள்ளைக்கு இதெல்லாம் என்ன புரியும்?

— வராதது உன் மேல கோவத்துல இல்லடான்னு சொன்னாலே போதும். நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா நல்லா இருக்காது.

— அதுக்கு முன்னாடி ஒண்ணு. டீக்கடையப் பாக்கச் சொல்லிட்டு என்னமோ சொன்னியே. என்ன சொன்ன?

— குனிங்க. காதக் குடுங்க. ... கேட்டுச்சா?

— கேட்டுச்சு.

— அம்மா.

— முழிச்சுட்டியாம்மா? ஏன் வண்டிக் கண்ணாடிய இறக்குற, வெயில் அடிக்கும். எப்ப முழிச்ச?

— ரஃபி மாமா போன்ல பேசுனப்பவே. நாம வீட்டுக்குப் போறோமா, மலைக்குப் போறோமா?

— அதை அப்பா சொல்லுவாங்க. ஏங்க, போங்க. போயி அவகிட்ட உக்காருங்க.

— தள்ளிக்க பாப்பா. இப்ப வயிறு எப்படி இருக்கு?

— பரவால்ல.

— காலைலேருந்து அப்பாகிட்டப் பேசவே இல்லையே, ஏன்?

— யாருகிட்டயும்தான் பேசல. எல்லாரும் உங்களத் திட்டுனாங்கல்ல. அம்மாவும் சும்மா நின்னுச்சு.

— அதுக்காகவா?

— ம்.

— அனிஷா, அப்பா ஒண்ணு சொல்றேன், கேளு. நேத்து மேகத்துக்குள்ள நீ அப்பாவக் கூப்பிட்டிருப்ப. எவ்வளவோ தடவ கூப்பிட்டிருப்ப. அப்பா வராம இருந்தது உன் மேல கோவத்துல இல்ல. போன் பேசிக்கிட்டும் இல்ல. அப்பாவுக்கு வந்து...

— நான் கூப்பிடலப்பா.

— கூப்பிடலையா? ஏன் தங்கம், பயமா இல்லையா உனக்கு?

— பயமாத்தான் இருந்துச்சு. ஆனா கூப்பிட்டா உங்களுக்குக் கேக்காதுல்ல. அதான், நீங்க தேடி வந்தா கண்ணுக்குத் தெரியட்டும்னு சோளக்கடை லைட்டுக்குக் கீழ போயி நின்னுக்கிட்டேன்.